போர் விமானத்துக்குள் ஒரு மதகு!

தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி சுகோய்-30 ரகப் போர் விமானங்களின் படைப்பிரிவு ஒன்று அமைந்தது. அந்த விமானம் இடி போல முழங்கிச் செல்லும்போது, வயலில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வெளியே இத்தனை சத்தம். இன்றைய போர் ஊர்திகளின் உள்ளேயும் ஓயாத பேச்சுதான்! ரேடார், திசை காட்டும் கருவி, கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றோடு ஒன்று ‘பேசுகின்றன’. எப்படி?

ஆபீசில் பிறந்தது

1973-ம் ஆண்டில் அமெரிக்க விமானப்படை ஒரு முறையை வகுத்தது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பொதுக் கம்பி. ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம்.

அதே 1973-ல், கலிபோர்னியாவில் ராபர்ட் மெட்காப் என்பவர் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைக்க ‘ஈதர்நெட்’ முறையைக் கண்டார். பின்னாளில் அதில் ‘சுவிட்ச்’ என்ற பெட்டி சேர்ந்தது. இது விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல!

கல்லணைக்கு வரும் தண்ணீரை காவிரி, வெண்ணாறு என்று மதகுகள் பிரித்து விடுகின்றன அல்லவா? இந்தப் பெட்டியும் அப்படித்தான். ஒவ்வொரு செய்தியிலும் விலாசம் இருக்கும். அதைப் படித்து, உரிய கருவிக்கு மட்டும் செய்தியை அனுப்பிவிடும். பல கருவிகள் ஒரே சமயத்தில் பேசலாம். படங்களும் வேகமாகப் போகும்.

குலுங்கினாலும் அசையாது

ஆனால் ஆபீஸ் பெட்டி போர்க்களத்துக்கு உதவாது. சென்னை அருகே ஆவடியில் டாங்கிகள் தயாராகின்றன. டாங்கி என்றால் பாலைவன மணலிலும் ஓட வேண்டும். ஆபீஸ் பெட்டியை அதில் வைத்தால் என்ன ஆகும்? காற்றுத் துளை வழியே புழுதி புகும். குலுங்கும் வேகத்தில் கம்பி கழன்று விழும்.

ஆகவே போர் ஊர்திகளுக்கென்று தனிப் பெட்டி செய்கிறார்கள். முழுதும் மூடிய உலோக உடல். பெரும்பாலும் விசிறி கிடையாது; உடல் வழியாகவே சூடு வெளியேறும். கம்பிகளைத் திருகி இறுக்குவார்கள். கடுங்குளிரிலும் கொளுத்தும் சூட்டிலும் வைத்து, குலுக்கி, அதிர வைத்துச் சோதிப்பார்கள்.

ஒரு வழி அடைத்தால்?

2005-ல் முதன்முதலாகப் பறந்த ஏ-380 பயணிகள் விமானத்தில் இதற்கு வழி செய்தார்கள். ஒரே செய்தி இரண்டு தனிப் பாதைகளில் போகும். முதலில் வருவதை ஏற்று, மற்றதைத் தள்ளிவிடும். ஒரு பாதை அறுந்தாலும் செய்தி நிற்காது!

2022-ல் ஆளில்லாமல் சந்திரனைச் சுற்றி வந்த ‘ஓரியன்’ விண்கலத்திலும் ஈதர்நெட்தான். எந்தச் செய்தி எந்த நொடியில் போக வேண்டும் என்று அதில் நேரம் குறித்து வைத்தார்கள்.

ஏன் இவ்வளவு கவனம்? பயிர் கருகிய பிறகு கடைமடைக்குத் தண்ணீர் வந்து பயன் என்ன? “எதிரே ஏவுகணை!” என்ற செய்தியும் அப்படித்தான். ஒரு நொடி பிந்தினால் போவது பயிர் அல்ல, உயிர்!