பொத்தான், பந்து, பென்சில்: ஓ.டி. மதிப்பீட்டில் என்ன பார்க்கிறார்கள்?

“ஓ.டி.க்குக் காட்டுங்கள்” என்று குழந்தை மருத்துவர் சீட்டில் எழுதியதுமே பல பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். ஆக்குபேஷனல் தெரபி என்பதன் சுருக்கம் அது. தமிழில் ‘தொழில்வழி சிகிச்சை’ என்பார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு ஏது தொழில்? சாப்பிடுவது, சட்டை மாட்டுவது, விளையாடுவது, எழுதுவது, தூங்குவது. இவற்றில் எது எந்த இடத்தில் சிக்குகிறது என்று தேடுவதுதான் மதிப்பீடு.

முதல் பேச்சு பெரியவர்களோடு. கழுத்து எப்போது நின்றது, எந்த மாதம் நடந்தான் என்று கேட்பார்கள். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துகிறானா, நகம் வெட்டும்போது அலறுகிறானா, குழைந்த சாதத்தைத் துப்புகிறானா என்றும் கேட்பார்கள். இதற்கெல்லாம் தினமும் ஊட்டிவிடும் பாட்டிக்கே நன்றாகப் பதில் தெரிந்திருக்கும். அவரையும் அழைத்துப் போங்கள். பள்ளி நோட்டும், சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் எடுத்த சிறு வீடியோவும் கைகொடுக்கும்.

பிறகு குழந்தையின் முறை. ஊஞ்சல், பந்து, மணி கோப்பது, கத்தரிக்கோல் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் விளையாட்டு. தெரபிஸ்ட்டோ, ஒரு கை மணியைப் பிடித்திருக்க மறு கை நூலைத் தள்ளுகிறதா, நாற்காலியில் முதுகு எவ்வளவு நேரம் நிமிர்ந்து நிற்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பார். எழுத மறுக்கும் பிள்ளைக்குச் சிக்கல் விரலில் இல்லாமல் தோளிலோ உடம்பை நிமிர்த்தும் தசைகளிலோ இருக்கலாம்.

வடிவங்களைப் பார்த்து வரையச் சொல்வதும் உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வயதையொட்டி வட்டம் வரும். சதுரமும் முக்கோணமும் ஐந்து வயதை ஒட்டி வரும். சாய்சதுரம் ஏழு வயதுவரைகூட இழுக்கும். முக்கோணமே கைவராத எல்.கே.ஜி. பிள்ளையை ‘ண’வின் சுழி சரியில்லை என்று திட்டுவது எவ்வளவு அநியாயம்!

வீட்டில் பயிற்சி கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். பொத்தானோடு அவன் போராடும்போது “போடுடா கண்ணா” என்று கை நீட்டவும் வேண்டாம். அவன் தடுமாறும் இடத்தைத்தான் தெரபிஸ்ட் பார்க்க வேண்டும். பசியோ தூக்கமோ உள்ள நேரத்தைத் தவிர்த்தால் போதும். அழுது புரண்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிக்கையில் உள்ள எண்களைக் கண்டு கலங்க வேண்டாம். பல மதிப்பீட்டுக் கருவிகள் அமெரிக்காவில் உருவானவை. ஃபோர்க் பிடிப்பதைப் பற்றிய கேள்வி, கையால் இட்லி பிட்டுச் சாப்பிடும் பிள்ளைக்குப் பொருந்தாது. தெரபிஸ்ட்டிடமே இதைக் கேட்கலாம். ஆட்டிசம் உண்டா இல்லையா என்பதை இந்த ஒரு மதிப்பீட்டை வைத்து முடிவுகட்ட முடியாது, அது மருத்துவரின் முழுப் பரிசோதனையில் தெரிய வேண்டியது.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை அங்கே கட்டணமின்றிக் காட்டலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது.

கிளம்பும் முன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ‘கைத்திறன் மேம்படும்’ என்ற பொதுவான வரி போதாது. ‘மூன்று மாதத்தில் சட்டையின் கீழ் இரண்டு பொத்தான்களைத் தானே போடுவான்’ என்பதுபோல, வீட்டில் நீங்களே பார்த்துச் சொல்லக்கூடிய இலக்காக எழுதித் தரச் சொல்லுங்கள்.