எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்குப் பிறகு

"எம்.எஸ்சி. முடித்தும் நல்ல வேலை அமையவில்லை" என்று நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம்.

ரிசர்ச் அசோசியேட் பணிக்குப் பொதுவாக பிஎச்.டி. தேவை. "இன்னும் ஐந்து வருடமா?" என்று மலைக்க வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் பிஎச்.டி. படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இரண்டாண்டுக்குப் பின் 42,000. மத்திய அரசின் 2023 விகிதப்படி ரிசர்ச் அசோசியேட்டுக்குத் தொடக்கம் 58,000. ஆனால் இது நிரந்தர வேலையல்ல. ஆய்வுத் திட்டம் முடிந்தால் பணியும் முடியும். அறிந்தே இறங்குங்கள்.

வெளியூர்தான் போகவேண்டும் என்பதுமில்லை. ஸ்ரீரங்கத்தைச் சுற்றி நாம் காணும் வாழையை ஆராயவே 1993-இல் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு.

பெண்பிள்ளைகளின் படிப்பை எம்.எஸ்சி.யோடு நிறுத்திவிடாதீர்கள். நெட் விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் அஸருக்குப் பிறகு அலுவலகம் வாருங்கள்.