வேட்டைச் சட்டங்களும் காட்டோர உழவரும்

நீலகிரி அடிவாரத்தில், காட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் மக்காச்சோளச் சாகுபடிப் பயிற்சி நடத்திக் கொண்டிருந்தோம். விதை நேர்த்தி பற்றிச் சொல்லி முடித்ததும் முதியவர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, எங்க அப்பாரு காலத்துல காட்டுல பன்னி எறங்குனா நாட்டுத் துப்பாக்கில சுட்டுப் போடுவாருங்க. ஆரும் ஒண்ணும் கேட்டதில்லீங்க. இப்ப என்ற பையன் சுருக்குக் கம்பி வெச்சான்னு கேசு போட்டுட்டாங்க. இந்தச் சட்டம் எப்பங்க மாறுச்சு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவர் தந்தை செய்தது அந்நாளில் பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டது. அதையே மகன் செய்தால் இன்று குற்றம். இடையில் என்ன நடந்தது என்பதைக் காட்டோரத்தில் பயிர் செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்வது அவசியம்.

வெள்ளையர் காலச் சட்டங்கள்

காட்டு விலங்கிடமிருந்து பயிரைக் காப்பது தினைப்புனக் காலம் தொட்டே நம் வழக்கம். பரண் கட்டிக் காவல் இருப்பதும், கவண் எறிவதும், தகரம் தட்டுவதும், பந்தம் பிடிப்பதும் இதற்காகவே. மலையில் வாழ்ந்த இருளர், குறும்பர், சோளகர் முதலானோருக்கு வேட்டை என்பது உணவுக்கும் பயிர்க் காவலுக்கும் பொதுவான வேலையாக இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் வேட்டைக்குத் தடை இல்லை. புலி, சிறுத்தையைக் கொன்று வருபவருக்கு அரசே பரிசுப் பணம் கொடுத்தது. விலங்குகள் குறையத் தொடங்கிய பிறகே சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் காட்டு யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்க 1873-ல் ஒரு சட்டம் வந்தது.

நீலகிரியில் வரையாடும் கடமானும் அருகி வருவதைக் கண்ட ஆங்கிலேய வேட்டைப் பிரியர்கள் 1877-ல் ஒரு சங்கம் அமைத்தனர். அதன் தொடர்ச்சியாக 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இன்ன மாதங்களில் வேட்டையாடக் கூடாது, உரிமம் பெற்றே வேட்டையாட வேண்டும் என்ற முறை இதனால் ஏற்பட்டது. வேட்டைக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்பதே இதன் முதல் நோக்கம்.

அடுத்து வந்த 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் கிராம வாழ்க்கையையே மாற்றியது. காப்புக் காடு என்று எல்லைக்கல் நட்ட இடத்தில் மேய்ச்சல், விறகு வெட்டுதல், காட்டை எரித்து இடம் மாற்றிச் செய்யும் சாகுபடி, வேட்டை ஆகிய அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. உரிமம் வாங்க வசதி படைத்த தோட்ட முதலாளிக்கும் அதிகாரிக்கும் வேட்டை பொழுதுபோக்காகத் தொடர்ந்தது. வலை விரித்த மலைவாசிக்கு அதுவே குற்றமாயிற்று. காட்டோர மக்களிடம் இன்றும் காணப்படும் மனத்தாங்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் அந்தச் சட்டங்களில் உழவருக்கு ஒரு விலக்கு இருந்தது. தன் நிலத்தில் உள்ள பயிரைக் காக்க நிலத்துக்காரர் எடுக்கும் நடவடிக்கையைத் தடுப்பதில்லை என்று 1879-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1912-ல் வந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் உயிரையோ உடைமையையோ நல்லெண்ணத்துடன் காக்கும்போது விலங்கைக் கொல்வதற்கு விலக்கு அளித்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் காட்டுப்பன்றியே இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று நாட்டுத் துப்பாக்கி உரிமமும் வழங்கப்பட்டது. அந்த முதியவரின் தந்தை சுட்டது இந்த விலக்கின் நிழலில்தான்.

1972-க்குப் பிறகு

நாடு விடுதலை பெற்ற பின் வேட்டைத் துப்பாக்கியும் ஜீப் வண்டியும் பெருகின. காடு சுருங்கியது. விலங்குகள் வேகமாகக் குறைந்தன. ஆகவே 1972-ல் மத்திய அரசு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இதில் விலங்குகள் அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டன. முதலில் சில வகைகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. காட்டுப்பன்றி அத்தகைய அட்டவணையில்தான் வைக்கப்பட்டது. யானை 1977-ல் முழுப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. 1991-ல் செய்த திருத்தம் வேட்டை உரிமம் என்ற முறையையே எடுத்துவிட்டது. 2022-ல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அட்டவணைகள் சுருக்கப்பட்டு, தண்டனைத் தொகை உயர்த்தப்பட்டது.

இதில் உழவர் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பயிரைக் காக்க விலங்கைக் கொல்லலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் முன்பு நிலத்துக்காரரிடம் இருந்தது. இப்போது அது அரசிடம் சென்றுவிட்டது. பயிரை அழிக்கும் இரண்டாம் அட்டவணை விலங்கை அகற்ற, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். யானை, மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினங்களுக்குப் பயிர்ச் சேதத்தைக் காரணமாகக் காட்டி அந்த அனுமதியும் பெற இயலாது. தாக்க வரும் விலங்கிடமிருந்து தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க வேறு வழியின்றிக் கொல்ல நேர்ந்தால் மட்டும் குற்றமில்லை. அப்போதும் இறந்த விலங்கு அரசின் சொத்து. கறியைப் பங்கு போட்டால் வழக்கு வரும்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைவாழ் மக்களுக்கு நிலம், தேன், சிறுவனப் பொருள்கள் மீது உரிமை தந்தது. ஆயினும் வேட்டையாடும் மரபுரிமையை அது வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. திருவிழாவை ஒட்டிச் சில ஊர்களில் நடக்கும் பாரி வேட்டையும், முயல் பிடிப்பதும் கூட இன்று குற்றமே.

எது வேட்டை?

துப்பாக்கியால் சுடுவது மட்டுமே வேட்டை என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விஷம் வைத்தல், பிடித்தல் ஆகியவையும், இவற்றுக்கான முயற்சியும் சட்டப்படி வேட்டையே. ஆகவே பன்றி சிக்காவிட்டாலும் சுருக்குக் கம்பி வைத்தது குற்றமாகிறது. பிடிக்கவோ கொல்லவோ எண்ணாமல் சத்தமிட்டும் வெளிச்சம் காட்டியும் வயலை விட்டு ஓட்டுவது வேட்டை ஆகாது. துப்பாக்கி உரிமம் என்பது துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே. விலங்கைச் சுட அது அனுமதி அல்ல.

தண்டனை கடுமையானது. பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கானால் குறைந்தது 3 ஆண்டு, அதிக அளவு 7 ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை சிக்கினால் வழக்கு சிறுத்தைக்கே. பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயை யானை கடித்தால் வாய் சிதைந்து, தீனி எடுக்க முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகும்.

எல்லாவற்றிலும் கொடியது மின் கம்பத்திலிருந்து நேராக இழுத்துக் கட்டும் வேலி. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் 3 யானைகள் மாண்டன. நிலத்துக்காரர் கைதானார். யானை மட்டுமல்ல, இரவில் தண்ணீர் பாய்ச்சச் சென்ற உழவர்களும் இப்படி இறந்திருக்கின்றனர்.

சட்டத்துக்கு உட்பட்ட வழிகள்

முதலாவது, சூரிய மின்வேலி. இதில் மின்சாரம் தொடர்ந்து பாயாது. ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, கண் இமைக்கும் நேரத்திலும் குறைவாக, துடிப்பாகவே வரும். தொட்ட விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. மின் கம்பத்து 230 வோல்ட் மின்சாரம் இடைவிடாது பாய்வதால் தசை இறுகி, தொட்ட உடம்பு விடுபட முடிவதில்லை. வேறுபாடு இதுதான். தமிழ்நாட்டில் 2023-ல் வந்த விதிகளின்படி காட்டோர மின்வேலிகளை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். வேலி அமைக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் விவரம் கேட்டுக் கொள்ளவும்.

இரண்டாவது, பயிர்த் தேர்வு. மக்காச்சோளம், வாழை, கரும்பு ஆகியவற்றைக் காட்டெல்லை வரை நடுவது விலங்குக்கு விருந்து வைப்பது போலாகும். காட்டை ஒட்டிய வரிசைகளில் பன்றி விரும்பாத ஆமணக்கை நெருக்கமாக நடலாம். முள் நிறைந்த கிளுவை வேலி நம் பகுதிக்குப் பழக்கமானதே. அடர்த்தியாக வளர்த்தால் பன்றியைத் தடுக்கும். யானையைத் தடுக்காது.

மூன்றாவது, கூட்டுக் காவல். காய்ந்த மிளகாயைச் சாணத்தோடு சேர்த்துப் புகை போடுவது, விளக்கு, ஒலி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒன்றையே நீடித்தால் விலங்கு பழகிவிடும். யானை வந்தால் தனியே விரட்ட முயலாமல் வனத்துறைக்குத் தகவல் தரவும்.

நான்காவது, இழப்பீடு. அதிகாரம் அரசிடம் சென்றுவிட்டதால், நட்டத்துக்கு ஈடு கேட்பது நமது உரிமை. சேதம் கண்ட அன்றே வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, கொடுத்ததற்கு ஒப்புகை பெறவும். அலுவலர் பார்வையிடும் வரை பயிரை அப்புறப்படுத்தாமல் படம் எடுத்து வைக்கவும். சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தக நகல்களை இணைக்கவும். அடங்கலில் பயிர் பதிவாகாமல் இருந்தால் கோரிக்கை நின்றுவிடும். ஆகவே பயிர் ஏறியவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்து கொள்ள வேண்டும்.

காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடப்படும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுபவர் வனத்துறையினரே, உழவர் அல்ல.

அந்த முதியவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "இதை மொதல்லயே ஆராச்சும் சொல்லியிருந்தா பையன் கம்பி வெச்சிருக்க மாட்டானுங்க" என்றார். பயிர் போனால் அடுத்த பருவத்தில் எடுத்துக் கொள்ளலாம். வழக்கில் சிக்கினால் பல பருவங்கள் போய்விடும். காட்டோர உழவர்கள் கம்பியும் கண்ணியும் தவிர்த்து, அடங்கல் பதிவையும் இழப்பீட்டு மனுவையும் காலத்தில் செய்து பயன்பெற வேண்டும்.