ஒன்றுக்கு இரண்டாக வைப்போம்!

போன மாசம் அக்காவின் பழைய லேப்டாப் கட்டிலிலிருந்து விழுந்தது. இறந்துபோன எங்க பாட்டியின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏன் தெரியுமா? பழைய லேப்டாப்களின் ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். அதைப் படிக்கும் முனை, முடியைவிடச் சின்ன இடைவெளியில் தட்டைத் தொடாமல் மிதக்கும். கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிப் பதிவு அழியலாம்.

அதனால் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை யு.எஸ்.பி.யில் செருகி, ஃபைல்களைக் காப்பி செய்து பேஸ்ட் பண்ணுங்க. கட் பண்ணாதீங்க! மறுபடியும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ரெண்டு மூணு ஃபைலைத் திறந்து பாருங்க. எஜெக்ட் கொடுத்துக் கழற்றி, பீரோவில் வையுங்க. மாசம் ஒருமுறை புதுசையும் சேருங்க.

இப்போ பாட்டியைப் பார்க்க ஓட்டு அட்டையில் உள்ள போட்டோ மட்டும்தான் இருக்கு. அதையும் ரெண்டு காப்பி எடுத்துட்டோம்!