சம்பவத் திரட்டில் அடங்காதவை

பாடசாலை அதிபரின் மேசையிலோ அலுமாரியிலோ தடித்த அட்டையிட்ட ஏடொன்று இருக்கும். சம்பவத் திரட்டுப் புத்தகம் என்பது அதன் பெயர். கல்வி அதிகாரி வந்து சென்ற நாள், புதிய ஆசிரியர் கடமையேற்ற நாள், புயலிற் கூரை பறந்த நாள், அம்மை நோய் பரவியதனால் வகுப்புக்கள் மூடப்பட்ட நாள் ஆகிய யாவும் அதில் இரண்டு மூன்று வரிகளில் எழுதப்பெற்றுத் திகதியும் கையொப்பமும் இடப்பட்டிருக்கும். அரை நூற்றாண்டு கண்ட பாடசாலையொன்றின் சம்பவத் திரட்டைப் புரட்டிப் பார்ப்போர், அவ்வூரின் மழையையும் வரட்சியையுங்கூட அதிற் காணலாம். ஆயின், அந்த ஐம்பது ஆண்டுகளிலும் அங்கே கற்பித்தவர்கள் எதனை எண்ணி மகிழ்ந்தனர், எந்தப் பிள்ளையை நினைந்து உறக்கமிழந்தனர், எந்தப் பாடம் பிழைத்துவிட்டதென்று தமக்குள்ளே நாணினர் என்பதை அதிற் காண இயலாது.

காணக்கூடாது என்பதே அவ்வேடு பிறந்த காலத்துக் கட்டளை. 1862 ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம் தன் நிதியுதவி பெறும் பாடசாலைகளுக்கெனத் திருத்திய விதிக்கோவை ஒன்றை வகுத்தது. பிள்ளைகளின் வரவையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் பரிசோதகர் முன்னிலையில் அவர்கள் பெறும் பேற்றையும் கொண்டு பாடசாலைக்குரிய பணத்தை அளக்கும் ஏற்பாடு அது. அக்கோவையின்படி தலைமையாசிரியர் நாள்தோறும் ஏட்டில் மிகச் சுருக்கமான குறிப்பொன்றை எழுதல் வேண்டும். பொதுவான சிந்தனைகளையோ அபிப்பிராயங்களையோ அதில் எழுதுதல் ஆகாது. பணத்தை அளப்பவனுக்குக் கணக்கு வேண்டுமேயன்றிக் கருத்து எதற்கு? பேற்றுக்குப் பணம் என்னும் அம்முறை 1890களிற் கைவிடப்பட்டது. ஏடு மட்டும் கடல் கடந்தும் நிலைத்து நிற்கின்றது.

விதி இவ்வாறிருந்தும், அக்காலத்து ஆங்கிலக் கிராமத் தலைமையாசிரியர்களின் கை முற்றாக அடங்கிவிடவில்லை. உருளைக்கிழங்கு அகழும் பருவத்தில் வகுப்பிற் பாதி வெறுமையாயிற்று என்றும், காலுக்குச் சப்பாத்து இல்லாமையாற் பிள்ளைகள் பனிக்காலத்தில் வரவில்லை என்றும் அவர்கள் எழுதினர். சப்பாத்தைப் பற்றிய குறிப்பு ஒரு சம்பவமா, அன்றி அபிப்பிராயமா என்று எந்தப் பரிசோதகராலும் பிரித்துக் கூற முடியாதன்றோ!

உத்தியோக ஏட்டில் இடமில்லாதவற்றிற்காக ஆசிரியர் சிலர் வேறொரு குறிப்பேட்டைத் தாமே தேடிக்கொள்கின்றனர். அதில் எழுதுவோர், வகுப்பறையை மட்டும் எழுதுவதில்லை. வீடு, மனைவி மக்கள், தோட்டம், இசை, பழஞ்சுவடி என எல்லாம் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இதனை ஒழுங்கின்மை என்று கருதுவோர் உளர். அது தவறான கருத்து. காலையில் தம் மகனுக்குச் சோறூட்டிவிட்டு வரும் ஒருவரே எட்டு மணிக்கு முப்பது பிள்ளைகளின் முன்னே நிற்கின்றார். வாயிற்கதவடியில் அவர் வேறொருவராக மாறிவிடுவதில்லை.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1953 இல் மறைந்த அவர், நீண்ட காலம் வட்டுக்கோட்டையில் ஆசிரியத் தொழில் புரிந்தவர். பிள்ளைகளுக்கென அவர் பாடியவற்றில் இன்றும் வாய்தோறும் வழங்குவன எவை? ஆடிப்பிறப்பன்று வீட்டு அடுப்பிற் காயும் கூழும், கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியுமே. பாடத்திட்டம் வகுத்தோர் எவரும் அவற்றை அவருக்குக் கொடுத்தாரில்லை. வீட்டு அடுப்படியிலிருந்தும் தோட்டத்து வேலியோரத்திலிருந்தும் அவர் எடுத்து வந்தார்.

தமிழில் ஆசிரியர் ஒருவர் தம் வாழ்வை எழுதியமைக்குத் தலைசிறந்த சான்று உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எனலாம். 1940 ஆம் ஆண்டு தொடக்கம் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த அவ்வரலாறு, 1942 இல் ஐயர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. 1950 இல் நூலுருப் பெற்றது. அதில் இசைக் குடும்பத்துப் பிள்ளையின் வறுமையும், தந்தையாரின் கவலைகளும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட நாட்களும் விரிந்து கிடக்கின்றன. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றதையும், அது தம் ஆசிரியருக்கு உவப்பில்லை என்று அறிந்து விட்டுவிட்டதையும் ஐயர் மறையாமற் கூறுகின்றார். இவற்றினும் சிறந்த பகுதி வேறொன்று. 1880 இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த அவர், அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கின்றார். தாம் கற்ற நூல்களின் பெயர்களை ஐயர் அடுக்க அடுக்க, அவற்றாற் பயன் என்ன என்ற பாவனையில் முதலியார் கேட்டிருந்து, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவுகின்றார். ஐயர் படித்திருக்கவில்லை. அந்நூலைப் படிக்கத் தொடங்கியபோது சைன சமயத்தைப் பற்றித் தமக்கு ஒன்றுந் தெரியாதென உணர்ந்து, அவ்வூர்ச் சைனரின் இல்லங்களுக்குச் சென்று வினவி அறிகின்றார். ஏழு ஆண்டுகளின் பின் 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. எழுபது நூல் படித்த கதையை எவரும் எழுதுவர். கல்லூரி ஆசிரியர் ஒருவர், தமக்குத் தெரியாதது இதுவென்று நாடறிய எழுதுவதே அரிது.

கூசராத்தியரான கிஜுபாய் பதேகாவின் கதை வீட்டிலிருந்து பாடசாலைக்குச் சென்ற கதை. 1885 இற் பிறந்த அவர் தொழிலால் வழக்கறிஞர். 1913 இல் அவருக்கு மகன் பிறந்தான். அப்பிள்ளையை எவ்வாறு வளர்ப்பது என்னும் தகப்பனின் கவலை அவரை மொண்டிசோரி அம்மையாரின் நூல்களிடம் கொண்டுசேர்த்தது. 1916 இல் வழக்குமன்றத்தை விடுத்துப் பாவநகரிலுள்ள தட்சிணாமூர்த்தி நிறுவனத்திற் சேர்ந்தார். 1920 இல் அங்கே பாலர் மந்திர் ஒன்றை நிறுவினார். பிள்ளைகள் அவரை 'மீசை முளைத்த அம்மா' என அழைத்தனர்.

அவர் எழுதிய 'திவாசுவப்னம்', அதாவது பகற்கனவு, 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தது. நான்காம் வகுப்பொன்றைப் பொறுப்பேற்று, ஓராண்டு தம் விருப்பப்படி கற்பிக்க அனுமதி பெறும் ஆசிரியர் ஒருவர் தாமே கூறுவதாக அது அமைந்துள்ளது. கற்பனைக் கதைதான், எனினும் வகுப்பறையில் நின்று பழகாத ஒருவர் அதனை எழுதியிருக்க முடியாது. முதல் நாளன்று அந்த ஆசிரியர் நூல்களிற் படித்த மௌன விளையாட்டைப் பெரும் நம்பிக்கையோடு தொடங்குகின்றார். பிள்ளைகளோ கதவை அடித்தும் கூச்சலிட்டும் அதனைக் குலைத்துவிடுகின்றனர். அடுத்த நாள் அவர் கதை சொல்லத் தொடங்குகின்றார். வகுப்பு அடங்குகின்றது, மணி அடித்த பின்னும் கதையைத் தொடருமாறு கேட்கின்றது. அக்கதையின் வழியே வாசிப்பும், நாடகமும், மொழியும், வரலாறும் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. கற்பித்தல் பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை வெற்றியிலே தொடங்கி வெற்றியிலே முடிவன. இது முதல் அத்தியாயத்திலேயே தோல்வியைக் காட்டுகின்றது. அதனாலன்றோ பல இந்திய மொழிகளிலும் ஆசிரியர்கள் அதனை இன்றும் விரும்பிப் படிக்கின்றனர்!

நியூசிலாந்தின் சில்வியா அஷ்டன் வார்னர் அம்மையார் 1908 இற் பிறந்தவர். கணவர் தலைமையாசிரியர், மனைவி பாலர் வகுப்பு ஆசிரியை, மூன்று குழந்தைகள். மாவோரிப் பிள்ளைகள் கற்கும் தொலைதூரக் கிராமப் பாடசாலைகளே அவர்களது வாழிடம். பாடசாலை விடுதியிலே இல்லறம் நடத்திய இலங்கைத் தம்பதியர்க்கு இக்காட்சி புதியதன்று. அம்மையாருக்குப் பியானோ, ஓவியம், எழுத்து ஆகியவற்றில் அடங்காத ஆசை. வீட்டு வேலைக்கும் வகுப்பு வேலைக்கும் இடையே அவற்றிற்கு இடமில்லாது போகவே, வீட்டுக்கு அப்பால் ஒரு சிறு குடிலை ஒதுக்கி, அதற்குச் 'செலா' எனப் பெயரிட்டு, அங்கிருந்து எழுதினார்.

அவர் வகுப்பில் நிகழ்ந்தது இது. பாலருக்கு வாசிப்புக் கற்பிக்க அந்நாட்டுப் பாடசாலைகளுக்கு ஜனற், ஜோன் என்னும் சிறுவர் இருவரின் கதைகளைக் கூறும் நூல்வரிசை வந்திருந்தது. அந்நூலிலுள்ள ஒழுங்கான வீட்டில் மாவோரிக் குழந்தையின் அச்சமும் அன்பும் இல்லை. எனவே அம்மையார் ஒவ்வொரு பிள்ளையையும் அருகழைத்து, உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டார். பேய் என்றது ஒரு பிள்ளை. முத்தம் என்றது மற்றொன்று. அம்மா, அப்பா, பயம் எனச் சொற்கள் வந்தன. கேட்ட சொல்லைத் தடித்த அட்டையில் எழுதி அப்பிள்ளையிடமே கொடுத்தார். மறுநாட் காலையில் அட்டைகள் அனைத்தும் குவிக்கப்படும். பிள்ளைகள் தத்தம் சொல்லைத் தேடி எடுத்தல் வேண்டும். ஒரு பிள்ளை தன் சொல்லை அடையாளங்காணாவிட்டால், குற்றம் பிள்ளையுடையதன்று; அச்சொல் அதன் நெஞ்சிலிருந்து வந்ததன்று எனக் கருதி அட்டையை அகற்றிவிடுவார். 1963 இல் வெளிவந்த 'ஆசிரியர்' என்னும் அவரது நூலில் இம்முறையோடு அவருடைய சலிப்பும், சினமும், நாட்குறிப்பும் கலந்தே வருகின்றன. அம்மையாரின் தற்பெருமை ஆங்காங்கே தலைகாட்டுவது உண்மையே. ஆயினும் அச்சலிப்பையும் சினத்தையும் களைந்து முறையை மட்டும் எடுத்திருந்தால், அது மற்றுமொரு சுற்றுநிருபமாய் முடிந்திருக்கும்.

இதுகாறும் கூறியவை எழுதுவதன் நன்மை. எழுதப்படுகின்ற பிள்ளையின் நிலை யாது?

யப்பானின் வடபாகத்திலுள்ள யமகத்தா மாகாணத்து மலைக்கிராமமொன்றுக்கு, போர் முடிந்து மூன்று ஆண்டுகளின் பின், 1948 இல் முச்சாக்கு செய்க்கியோ என்னும் இருபத்தொரு வயது இளைஞர் ஆசிரியராகச் சென்றார். கிராமப் பாடசாலைகள் வேண்டிய வசதிகளோடு விளங்குவதாகச் சமூகக்கல்விப் பாடநூல் கூறிற்று. அவர்களது பாடசாலையோ புல்வேய்ந்த இருண்ட கட்டிடம். பாடநூல் பொய்யா, நம் கண் பொய்யா என்னும் வினாவிலிருந்தே அவர் தொடங்கினார். தத்தம் வீட்டையும் உழைப்பையும் உள்ளவாறு எழுதுமாறு பிள்ளைகளுக்குக் கூறினார். தாயை இழந்த சிறுவன் ஒருவன், புகையிலைச் செய்கையால் வரும் வருவாயையும் வீட்டுக் கடனையும் கூட்டிக் கழித்து, தாய் அவ்வளவு உழைத்தும் வறுமை தீராதது ஏன் என்று எழுதினான். அதனைப் படித்த தோழர்கள், அவன் பாடசாலைக்கு வரும்பொருட்டு அவனது வேலைகளைத் தாமும் பகிர்ந்து செய்ய முன்வந்தனர். அக்கட்டுரை கல்வி அமைச்சரின் பரிசைப் பெற்றது. நாற்பத்துமூன்று மாணாக்கரின் எழுத்துக்கள் 1951 இல் 'மலை எதிரொலிப் பள்ளி' என்னும் பெயரில் நூலாகி நாடெங்கும் விற்பனையாயின. 1952 இற் திரைப்படமும் வந்தது.

ஊருக்குள்ளே கசப்பு மூண்டது. எங்கள் வீட்டு வறுமையை ஊருலகம் சிரிக்க அம்பலத்தில் ஏற்றிவிட்டாரே என்று பெற்றோர் சிலர் மனம் புண்பட்டனர். 1954 இல் முச்சாக்கு அக்கிராமத்தை விட்டு நீங்கினார்.

அவ்வூரவரைக் குறுகிய மனத்தினர் என்று தள்ளிவிடுதல் எளிது, நீதியன்று. கடன் கணக்கை எழுதியவன் பிள்ளையேயாயினும், கடன் குடும்பத்தினுடையது. பெயரை மாற்றி எழுதினாற் போதுமென்பர் சிலர். பெருநகரத்திற்கு அது பொருந்தலாம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், சட்டம்பியார் எழுதிய கதையில் வரும் தாயற்ற பையன் எவனென்று சந்தையில் நிற்கும் கிழவிக்கும் தெரியும். தம் சொந்தப் பிள்ளைகளை எழுதும் ஆசிரியரும் இவ்விக்கினத்திற்கு விலக்கல்லர். ஐந்து வயதிற் செய்த குறும்பு அச்சிலிருந்து பதினைந்து வயதில் வகுப்புத் தோழரின் கைக்கு வரும். காலங்கடத்தி எழுதுதல் ஒரு வழி. சாமிநாதையர் தம் இளமையை எழுதியபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. உரியவரிடம் வாசித்துக் காட்டி உடன்பாடு பெறுதல் இன்னொரு வழி. பிள்ளையின் குறையை விடுத்து ஆசிரியர் தம் குறையை எழுதுதல் மூன்றாவது; பகற்கனவின் வலிமை அதுவே.

எழுதாதிருத்தலும் ஒரு வழிதான். ஆனால் அதற்கும் விலையுண்டு. 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வின் போதும், 2004 டிசெம்பரிற் கடல் பொங்கியபோதும் இந்நாட்டில் பாடசாலைகள் பலவற்றின் இடாப்புகளும் சம்பவத் திரட்டுகளும் அழிந்தன. அழிந்தவற்றின் இடத்தில் வைப்பதற்கு, அங்கே கற்பித்தவர்கள் தம் வீடுகளில் எழுதி வைத்த குறிப்பேடுகள் மிகச் சிலவே இருந்தன.

முச்சாக்கு தோக்கியோவில் வேறொரு பாடசாலையில் ஆசிரியரானார். 1960கள் தொடக்கம் பல ஆண்டுகள் அந்நாட்டு வானொலியொன்றில், பிள்ளைகள் தொலைபேசியில் வினவும் ஐயங்களுக்கு விடைகூறும் நிகழ்ச்சியில் அவர் பங்குபற்றினார். வினவும் பிள்ளை தான் விரும்பியதை விரும்பிய அளவிற்கு மட்டும் சொல்லும். தலைநகரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தும் மாறாத யமகத்தாப் பேச்சுவழக்கிலேயே அவர் மறுமொழி சொல்வார். 2023 இல் அவர் காலமானபோது, மலை எதிரொலிப் பள்ளியைப் படித்திராத பலரும் அந்தக் குரலை நினைவுகூர்ந்தனர்.