நஞ்சில் விளைந்த வாழ்வு

சென்னையில் அடையாற்றை ஒட்டி, நெரிசல் மிகுந்த சாலைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிண்டி தேசியப் பூங்கா அமைந்துள்ளது. புள்ளிமானும் வெளிமானும் திரியும் அப்புதர்க்காட்டின் ஓரத்தில் பாம்புப் பூங்கா ஒன்று உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் அதைக் கண்டவர் பலர். 1972-ஆம் ஆண்டு ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் அது கிண்டியில் உருவானபோது, பாம்புகளைத் தேடிப் பிடித்துத் தந்தவர்கள் இருளர்கள். கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் பாம்பைப் பார்ப்பவர்கள், அதைப் பிடித்த கைகளைப் பற்றி எண்ணுவது அரிது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் காப்புக்காடுகளை ஒட்டிய சிற்றூர்களில் இருளர்கள் வாழ்கின்றனர். தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், மூலிகை சேகரித்தல், வயல்களில் எலி பிடித்தல் ஆகியவை அவர்களின் மரபுத் தொழில்கள். எலி வளையைத் தோண்டும்போது எலி சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும், அதுவும் உணவாகும். இவை அனைத்தினும் மேலாக அவர்களுக்குப் பெயர் தந்தது பாம்பு பிடிக்கும் திறன். மண்ணில் பதிந்த மெல்லிய தடம், உரிந்து கிடக்கும் சட்டை, வளை வாயிலின் வழவழப்பு ஆகியவற்றைக் கொண்டே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று அவர்கள் உணர்ந்துகொள்வர். கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை, கருவிகள் அவ்வளவே.

தோல் வணிகமும் தடையும்

இத்திறனுக்கு நெடுங்காலம் கிடைத்த விலை பாம்பின் தோலுக்கு உரியதாகவே இருந்தது. பாம்பைக் கொன்று தோலை உரித்து வணிகர்களிடம் விற்றனர். கைப்பைகளாகவும் காலணிகளாகவும் மாறுவதற்கு அத்தோல்கள் வெளிநாடுகளுக்குச் சென்றன. இலாபத்தின் பெரும்பங்கு இடைத்தரகருக்கு. பிடித்தவருக்குக் கிடைத்ததோ சிறு தொகை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. எலிகளை உண்டு பயிரைக் காக்கும் பாம்புகளுக்கு அத்தடை இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நேற்றுவரை தொழிலாக இருந்தது ஒரே நாளில் குற்றமாக மாறிய குடும்பங்களின் அடுப்பு எவ்வாறு எரியும் என்ற வினாவுக்குச் சட்டத்தில் விடை இல்லை.

விடையைத் தேடியவர்கள் பாம்பின் தோலை விட்டு நஞ்சை நோக்கினர். பாம்புக்கடிக்கு மருந்து செய்ய நஞ்சு வேண்டும். நஞ்சை எடுக்கப் பாம்பு உயிருடன் இருக்க வேண்டும். இந்த எளிய உண்மையின்மீது 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கிண்டிக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பது எதிர்பாராத பொருத்தம். சங்கம் இயங்குவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை வளாகத்தில்.

உயிருடன் திரும்பும் பாம்பு

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைப் பாம்புகளையே சங்க உறுப்பினர்கள் பிடித்து வருகின்றனர். இந்தியாவில் பாம்புக்கடி இறப்புகளுக்குப் பெரிதும் காரணமாகக் கருதப்படுபவை இவையே. பிடித்த பாம்புக்கு அதன் வகையைப் பொறுத்து விலை தரப்படுகிறது. பின்னர் அது மண்பானையில் இடப்பட்டு, வாய் துணியால் கட்டப்படுகிறது. மண்பானையின் குளிர்ச்சியும் இருளும் பாம்பின் வளையை ஒத்தவை.

ஏறத்தாழ மூன்று வாரங்கள் பாம்பு அங்கே இருக்கும். அதற்குள் சில நாள் இடைவெளி விட்டுச் சிலமுறை மட்டுமே நஞ்சு எடுக்கப்படும். கண்ணாடிக் குவளையின் வாயை மூடிய மெல்லிய படலத்தைப் பாம்பு கடிக்கும். நஞ்சு துளித்துளியாக உள்ளே விழும். அது உறையவைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகிறது. பின்பு பாம்பின் வயிற்றுப்புறச் செதிலில் சிறு அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அதே பாம்பு மீண்டும் அகப்பட்டால் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். சிலமுறை சட்டை உரிந்தபின் அடையாளமும் மறைந்துபோகும். காடும் பாம்பும் நீடித்திருந்தால்தான் அடுத்த ஆண்டும் தொழில் இருக்கும். ஆதலால் காட்டைக் காக்கும்படி இவர்களுக்கு எவரும் அறிவுரை கூற வேண்டியதில்லை.

நஞ்சை வாங்கும் மருந்து நிறுவனங்கள் அதனை மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்குச் செலுத்துகின்றன. குதிரையின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் அதுவே நச்சுமுறிவு மருந்து. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். அத்தகையோரைக் காக்கும் மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக இச்சங்கத்திலிருந்தே சென்றது.

திறனின் புகழ் கடல் கடந்தும் பரவியது. அமெரிக்காவின் புளோரிடாவில், அயல்மண்ணிலிருந்து வந்து பெருகிய மலைப்பாம்புகள் அங்குள்ள சிறு விலங்குகளை அழித்துவந்தன. அவற்றைக் கண்டுபிடிக்க 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள் அழைக்கப்பட்டனர். அறியாத நிலத்திலும் சில நாள்களிலேயே 13 மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எனினும் இத்தொழிலைத் தற்சார்பு என்று முழுமையாகக் கூறிவிட இயலாது. எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதி முடிவு செய்கிறது. அனுமதி தாமதமானால் பானைகள் வெறுமையாகும். நஞ்சை வாங்குவோரும் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. சங்கம் உறுப்பினர்களுடையது; அதன் இரு கதவுகளின் திறவுகோல்களோ பிறர் கையில் உள்ளன.

அறிவியலும் புதிய வினா ஒன்றை எழுப்பியுள்ளது. ஒரே வகைப் பாம்பின் நஞ்சு நிலத்துக்கு நிலம் வேறுபடுகிறது. சென்னையைச் சூழ்ந்த பகுதிகளின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, வடமாநிலக் கட்டுவிரியனின் கடிக்கு அதே ஆற்றலுடன் பயன்படுவதில்லை. எனவே பல மாநிலங்களிலும் நஞ்சு சேகரிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வலியுறுத்துகின்றனர். பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க நடுவணரசு 2024-இல் செயல்திட்டம் வெளியிட்டுள்ளது. புதிய நஞ்சு நிலையங்கள் எழுந்தால், பாம்புக்குத் தீங்கின்றி அதைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கும் தேவைப்படுவர். அக்கல்வி எந்த நூலிலும் இல்லை. தந்தையின் பின்னே காட்டில் நடந்து, தடம் பார்த்துக் கற்ற இருளர்களிடமே அது இருக்கிறது. அவர்களை ஆசிரியர்களாக அழைப்பார்களா, கூலிக்கு மட்டும் அழைப்பார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை.