மூச்சும் வாங்குது... நெஞ்சும் படபடக்குது!

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் பாட்டிமார்கள் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: "களி கிண்டிட்டு எழுந்தா போதும் கண்ணு, மூச்சு வாங்குது. நெஞ்சு வேற திக்கு திக்குனு அடிச்சுக்குது. ஹார்ட் அட்டாக்கா இருக்குமோ?"

பாட்டி பீடியைத் தொட்டதே இல்லை. ஆனால் நாற்பது வருஷமாக விறகடுப்புப் புகையைக் குடித்திருக்கிறார். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்குப் பீடி, சிகரெட்டைப் போல அந்தப் புகையும் ஒரு காரணம். எப்போதோ வந்துபோன டி.பி.யின் தழும்பும் நுரையீரலைப் பாதிக்கும்.

சரி, கெட்டது நுரையீரல். இதயம் ஏன் ஓடுகிறது? ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால், இருப்பதைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க இதயம் வேகத்தைக் கூட்டுகிறது. பஸ்ஸில் ஸீட் குறைந்தால் டிரிப்பை அதிகமாக்க வேண்டியதுதானே! மூச்சு முட்டும்போது வரும் பயமும் சேர்ந்துகொள்ளும். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் காற்று முழுசாக வெளியேறாமல் உள்ளேயே தங்கி, நெஞ்சு இன்னும் இறுகும்.

மருந்தும் ஒரு காரணம்தான். சால்பூட்டமால் இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்கும்போது இதயத்தையும் லேசாகத் தட்டிவிடும். கை நடுங்கும், படபடக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இதற்குப் பயந்து இன்ஹேலரைத் தூக்கிப் பரண்மேல் போடுகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம். வேண்டாம்! டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். அதேசமயம், மணிக்கொரு தரம் அடிக்க வேண்டியிருந்தால் நோய் கைமீறுகிறது என்று அர்த்தம்.

டெரிஃபைலின் மாத்திரையில் இன்னும் கவனம் தேவை. குணம் தரும் அளவுக்கும் தொல்லை தரும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. சிப்ரோஃப்ளாக்ஸசின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் கூடச் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். வாந்தி, தூக்கமின்மை, படபடப்பு வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

"என் தங்கச்சிக்குப் படபடப்புக்குக் கொடுத்தது" என்று பக்கத்து வீட்டம்மா நீட்டும் மாத்திரையை மட்டும் வாங்காதீர்கள். அது ப்ரொப்ரனலாலாக இருந்தால், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயை இறுக்கி உயிருக்கே உலை வைக்கும். பைசோப்ரோலால் போன்றவற்றை இதயத்துக்காக டாக்டரே எழுதித் தருவதுண்டு. அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மூச்சு வாங்கும்போது உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றுங்கள். மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். பிறகு கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க நாடியை எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை சகஜம். துடிப்பு தாறுமாறாகத் தப்பித் தப்பி வந்தால் ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 120-ஐத் தாண்டுகிறதா? உதடு நீலம் பாய்கிறதா? ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லையா? நெஞ்சுவலி, மயக்கம், அல்லது ஒரு கால் மட்டும் வீங்கித் திடீர் மூச்சுத்திணறலா? காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தருமபுரியிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்பும்போது பாட்டியின் மாத்திரைகள், இன்ஹேலர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாடி எண்ணிக் குறித்த சீட்டையும்தான்.